லயத்துக்கு இன்டர்நெட்: கருவி வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கும், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதற்கும், அஸ்வெசும விபரங்களை அறிவதற்கும் இன்று இன்டர்நெட் தேவைப்படுகிறது. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எங்கள் பிள்ளைகள் சிக்னல் தேடிக் கற்பாறை மேலும் மலை உச்சியிலும் குடை பிடித்துக்கொண்டு இருந்து படித்ததை நாம் மறக்கவில்லை. அட்டைக் கடியும் மழையும் பாராமல் பிள்ளைக்குக் காவல் நின்ற தாய்மாரையும் நாம் கண்டோம். அதன் பிறகு, கையில் இருக்கும் போனை மட்டும் நம்பாமல், லயத்துக்கே ஓர் இணைப்பு எடுக்க வேண்டும் என்ற எண்ணம் பல குடும்பங்களுக்கு வந்திருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். இந்த விடயத்தில் அளக்காமல் போட்ட காசு பல காம்பராக்களில் அலமாரிக்கு மேலே தூங்குகிறது.

நாங்கள் வேலை நிமித்தம் போன ஒரு டிவிசனில் நடந்ததைச் சொல்கிறோம். சம்பள நாளன்று ஒரு கம்பனியின் விற்பனையாளர்கள் வந்து, பிரட்டுக் களத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். ரவுட்டர் ஒன்றை அங்கேயே போட்டுக் காட்டினார்கள். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. தவணைக் காசுக்குத் தருகிறோம் என்றதும் மேட்டு லயத்திலும் வாங்கினார்கள், பணிய லயத்திலும் வாங்கினார்கள். மேட்டு லயத்தில் இன்றும் ஓடுகிறது. பணிய லயத்தில் ஒரு நாள்கூட ஒழுங்காக ஓடவில்லை. கருவி ஒன்று, கம்பனி ஒன்று, காசும் ஒன்று. இடம் மட்டும்தான் வேறு. மேட்டில் சோதித்ததைப் பள்ளத்தில் கொண்டுபோய் வைத்தால் எப்படி ஓடும்? தவணையை மட்டும் இரண்டு லயமும் கட்டியது.

ஆகவே, கம்பி இல்லாமல் வரும் இன்டர்நெட் எப்படி வருகிறது, எந்த இடத்துக்கு எந்தக் கருவி பொருந்தும், வாங்குமுன் நாமே எதையெல்லாம் சோதித்துப் பார்க்கலாம் என்பதை இந்த இதழில் விளக்குகிறோம்.

அலைக்கு மலை தடை

வயதானவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. 1982 ஆம் ஆண்டில் ரூபவாஹினி ஒளிபரப்புத் தொடங்கியபோது அதன் பிரதான கோபுரம் பீதுருதலாகல மலையில் நாட்டப்பட்டது. 2524 மீற்றர் உயரமான அந்த மலை எங்கள் நாட்டிலேயே உயரமானது. உயரத்தில் இருந்து அனுப்பினால் அலை நெடுந்தூரம் போகும் என்பதுதான் காரணம். அப்படியிருந்தும் அந்த மலைக்குப் பக்கத்திலேயே உள்ள பள்ளத்து லயங்களில் படம் வரவில்லை. நடுவில் வேறொரு மலை மறித்தது. கூரையில் ஒருவர் ஏறி அன்டெனாவைத் திருப்ப, இஸ்தோப்பில் ஒருவர் நின்று "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், சரி சரி, விடு" என்று கத்தியது பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

இன்டர்நெட் கொண்டுவரும் அலையும் அதே இனம்தான். டவரில் இருந்து நேராக வர விரும்பும். இதில் இரண்டு வகையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதிர்வெண் குறைந்த அலை, உதாரணமாக 900 மெகாஹேர்ட்ஸ், மலை ஓரத்தில் கொஞ்சம் வளைந்து வரும், சுவரையும் ஓரளவு துளைக்கும். ஆனால் அது கொண்டுவரும் சரக்கு பொதுவாகக் குறைவு. அதிர்வெண் கூடிய அலை, 2300 மெகாஹேர்ட்ஸ் போன்றது, நிறையச் சரக்கைக் கொண்டுவரும். ஆனால் மரம், சுவர், மண்மேடு எல்லாம் அதற்குத் தடை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் வருகிறவர் எங்கேயும் நுழைந்து வருவார். லொறிக்கு ரோட்டு வேண்டும். அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லயங்களின் கூரைத் தகரமும் ஒரு தடை. தகரம் அலையைத் திருப்பி அடித்துவிடும். அதனால்தான் ஒரே போன் காம்பராவுக்குள் சிக்னல் இல்லாமலும், இஸ்தோப்பில் சிக்னலோடும் இருக்கிறது.

கருவிகள் எத்தனை வகை

முதலில் ஒரு விடயம். உங்கள் டிவிசன் ரோட்டு வரைக்கும் ஃபைபர் அல்லது தொலைபேசிக் கம்பி வந்திருந்தால் அதைப் பற்றி முதலில் விசாரியுங்கள். கம்பிக்கு மலையும் மரமும் தடை அல்ல. கம்பி வராத இடத்துக்குத்தான் பின்வருபவை.

முதலாவது, காம்பராவுக்குள் வைக்கும் 4ஜி ரவுட்டர். சிம் போட்டு, கரண்டில் மாட்டினால் வேலை முடிந்தது. விலை குறைவு. டவர் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், அல்லது போனில் நல்ல சிக்னல் உள்ள லயத்துக்கு இதுவே போதும். இதன் அன்டெனா எங்கள் குப்பி விளக்கு மாதிரி. எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம் கொடுக்கும், தூரத்துக்குப் போகாது.

இரண்டாவது, வெளியே கம்பத்தில் பூட்டும் 4ஜி கருவி. இது டார்ச் லைட் மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும். அந்தப் பக்கத்தில் பலமாகப் பிடிக்கும். தகரத்துக்கும் சுவருக்கும் வெளியே இருப்பதால், உள்ளே ஒரு கோடு காட்டும் இடத்தில்கூட இது ஒழுங்காக ஓடக்கூடும். கம்பத்தில் இருந்து காம்பராவுக்கு ஈதர்நெட் வயர் வரும். அந்த வயர் 100 மீற்றர் வரை போகலாம். அந்த வயரிலேயே கருவிக்குரிய கரண்டும் போகும். சிலர் உள்ளே இருக்கும் ரவுட்டருக்கு வெளியே தனி அன்டெனா பூட்டி, நீண்ட கேபிள் இழுக்கிறார்கள். அந்தக் கேபிள் நீள நீளப் பிடித்த சிக்னலை அதுவே தின்றுவிடும். பத்து மீற்றருக்கு மேல் இழுக்க வேண்டுமானால், கருவியே வெளியே இருக்கும் வகைதான் நல்லது.

மூன்றாவது, சோடிக் கருவி. பள்ளத்தில் சிக்னல் ஒன்றுமே இல்லை, ஆனால் மேட்டில் உள்ள கோவிலடியிலோ, ஸ்டோரிலோ, பாடசாலையிலோ நல்ல இணைப்பு இருக்கிறது. அப்போது மேட்டில் ஒரு கருவி, பள்ளத்தில் ஒரு கருவி, இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்தபடி பூட்டி, மேட்டு இணைப்பைக் கீழே இறக்கலாம். யுபிக்விட்டி, மைக்ரோடிக், டிபி-லிங்க் போன்ற கம்பனிகள் இவற்றைச் செய்கின்றன. பெரும்பாலும் 5 கிகாஹேர்ட்ஸில் வேலை செய்பவை. கிராமங்களுக்கு இணைப்புக் கொடுக்கும் சிறிய கம்பனிகள் உலகம் முழுவதும் பாவிப்பதும் இந்த இனத்தைத்தான். அவர்கள் மேட்டில் ஒரு பக்கமாக அகலமாகப் பரப்பும் அன்டெனா ஒன்றை நாட்டி, ஒவ்வொரு வீட்டிலும் அதைப் பார்க்கும் சிறிய கருவியைப் பூட்டுவார்கள்.

நான்காவது, ஆகாயத்தில் இருந்து வருவது. ஸ்டார்லிங்க் சேவை இலங்கையில் 2025 ஜூலையில் ஆரம்பித்தது. சுமார் 550 கிலோமீற்றர் உயரத்தில் ஓடும் பல செய்மதிகளை இதன் தட்டு மாறி மாறிப் பிடிக்கிறது. டவர் தேவையில்லை. ஆனால் ஆகாயம் திறந்திருக்க வேண்டும். நெருக்கமான மரக்கூட்டமும் செங்குத்து மலையும் ஆகாயத்தை மறைத்தால் அடிக்கடி அறுந்துபோகும். கடும் மழையில் டிஷ் டிவி படம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் குணம் இதற்கும் உண்டு.

இலக்கத்தைப் பார்க்கப் பழகுவோம்

போனில் காட்டும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு போனில் மூன்று கோடு காட்டும் இடத்தில் இன்னொரு போன் இரண்டு கோடுதான் காட்டும். ரவுட்டரின் பக்கத்திலும், போனில் இலவசமாகக் கிடைக்கும் சிக்னல் பார்க்கும் அப்களிலும் ஆர்.எஸ்.ஆர்.பி. என்று ஓர் இலக்கம் வரும். அது எப்போதும் சய இலக்கம், அதாவது முன்னால் கழித்தல் குறி இருக்கும். அதைக் கடன் மாதிரி வாசியுங்கள். 85 ரூபா கடன் உள்ளவர் 105 ரூபா கடன் உள்ளவரைவிட நல்ல நிலையில் இருக்கிறார் அல்லவா? அதே கணக்குத்தான். சய 80 அல்லது 85 என்றால் மிக நன்று. சய 95, 100 என்றால் சமாளிக்கலாம், வெளியே பூட்டும் கருவி உதவும். சய 110 ஐத் தாண்டினால் காம்பராவுக்குள் வைக்கும் ரவுட்டரை வாங்க வேண்டாம். சய 120 என்றால் அங்கே அலை இல்லை என்றே கருதலாம். பத்து எண் வித்தியாசம் என்றால் பலத்தில் பத்து மடங்கு வித்தியாசம். இருபது எண் என்றால் நூறு மடங்கு. ஆகவே ஜன்னல் பக்கம் வைத்துப் பத்து எண்ணைச் சேமித்தால் அது சின்ன விடயம் அல்ல.

இன்னோர் இலக்கம் எஸ்.ஐ.என்.ஆர். திருவிழாவில் எத்தனை பேர் சத்தம் போடுகிறார்கள், அதற்கு நடுவே உங்கள் காதில் விழ வேண்டிய குரல் எவ்வளவு தெளிவாக விழுகிறது என்பதை அது சொல்லும். 20 க்கு மேல் நன்று, 10 அளவில் பரவாயில்லை, பூச்சியத்துக்குக் கீழே போனால் சிக்னல் பலமாக இருந்தாலும் பயன் இல்லை.

சோதனையைப் பகல் பதினொரு மணிக்கு மட்டும் செய்ய வேண்டாம். அந்த நேரம் எல்லோரும் மலையில் நிற்பார்கள், டவர் சும்மா இருக்கும். இரவு ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் சோதியுங்கள். பிள்ளை படிக்கும் நேரமும் டவர் நெரிசலாகும் நேரமும் அதுதான்.

டார்ச் லைட் சோதனை

சோடிக் கருவி பூட்ட நினைப்பவர்கள் காசு செலவழிக்காமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. இருட்டிய பிறகு, மேட்டில் கருவி வைக்கப்போகும் இடத்தில் ஒருவர் பலமான டார்ச் லைட்டை அடிக்கட்டும். பள்ளத்தில் கருவி வைக்கப்போகும் அதே உயரத்தில் இன்னொருவர் நின்று பார்க்கட்டும். வெளிச்சம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாவிட்டால், எவ்வளவு விலை கூடிய கருவி வாங்கினாலும் 5 கிகாஹேர்ட்ஸ் அலை வராது.

ஏன் பாதி வேலை என்கிறோம்? வெளிச்சம் மெல்லிய கோடாக வரும். இந்த அலைக்கோ நடுவழியில் கொஞ்சம் அகலமான இடம் வேண்டும். இரண்டு கிலோமீற்றர் தூரத்துக்கு, 5.8 கிகாஹேர்ட்ஸில், நடு இடத்தில் அந்த இடத்தின் ஆரை சுமார் 5 மீற்றர். அதில் பத்தில் ஆறு பங்கு, அதாவது 3 மீற்றர் அளவாவது கோட்டைச் சுற்றித் தடையில்லாமல் இருக்க வேண்டும். தேயிலைச் செடியால் தொல்லை இல்லை. நிழல் மரமும் யூகலிப்டஸ் மரமும்தான் தொல்லை. இன்று கிளைக்கு மேலாகப் போகும் கோடு, இரண்டு மழைக்காலம் போனால் இலைக்குள் போகும். நனைந்த இலை அலையை நன்றாகக் குடிக்கும். வெயில் காலத்தில் ஓடிய இணைப்பு மழைக்காலத்தில் நின்றால், மழையை ஏச வேண்டாம், முதலில் மரத்தைப் பாருங்கள். மூடுபனியால் இந்த அலைக்குச் சொல்லும்படியான பாதிப்பு இல்லை. மரத்தைக் கவ்வாத்துப் பண்ணவோ கம்பம் நாட்டவோ தோட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பதையும் நினைவிற் கொள்க.

கொத்மலையும் தேனியும் காட்டிய வழி

எங்கள் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி இருந்தது. 1998 ஆம் ஆண்டளவில் யுனெஸ்கோ ஆதரவுடன் கொத்மலை சமூக வானொலியில் ஓர் இன்டர்நெட் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. அலை வழியாக வந்த 64 கிலோபிட் இணைப்பு ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது. கம்பளை, நாவலப்பிட்டி பொது நூலகங்களிலும் மக்கள் பாவிப்பதற்கு ஏற்பாடு செய்தார்கள். கம்பியூட்டரைக் கண்ணால் காணாத மக்கள் கேள்விகளை வானொலி நிலையத்துக்கு அனுப்பினார்கள். அறிவிப்பாளர்கள் இன்டர்நெட்டில் தேடி, விடையைத் தங்கள் மொழியில் வானொலியில் சொன்னார்கள். இன்று ஒரு பிள்ளையின் வீடியோ பாடத்துக்கே அந்த இணைப்பைப் போல ஏறத்தாழப் பதினாறு மடங்கு வேண்டும். அந்தச் சிறிய இணைப்பை ஒரு பிரதேசமே பகிர்ந்துகொண்டது. ஒவ்வொரு காம்பராவுக்கும் ஒரு கருவி இல்லாவிட்டாலும், நம்பிக்கையான ஒருவரின் பொறுப்பில் பொது இடத்தில் ஒரு நல்ல இணைப்பு இருந்தால் ஊரே பயன்பெறலாம் என்பதற்கு இது சாட்சி.

அடுத்தது தமிழ்நாட்டில் தேனி. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, தேனி ஆஸ்பத்திரியையும் சுற்றுக் கிராமங்களில் உள்ள ஐந்து கண் பரிசோதனை நிலையங்களையும் அலையால் இணைத்தது. பாவித்தது விலை உயர்ந்த டவர்க் கருவி அல்ல. நாம் இன்று வீட்டில் பாவிக்கும் வைஃபை இனத்துக் கருவிக்கு ஒரு பக்கம் பார்க்கும் அன்டெனா பூட்டி, 15 கிலோமீற்றர் வரை கொண்டுபோனார்கள். கிராமத்துப் பாட்டி பஸ் ஏறாமல், அங்கிருந்தபடியே தேனி டாக்டரிடம் முகம் பார்த்துப் பேசினார்.

அந்த வேலையைச் செய்தவர்கள் 2008 இல் எழுதி வெளியிட்ட அனுபவம் எங்களுக்கும் பாடம். அவர்களுக்குத் தொல்லை கொடுத்தது தூரத்தைவிடக் கரண்ட்தான். கரண்ட் திடீரென்று ஏறுவதும் இறங்குவதும் கருவிகளைப் பழுதாக்கின. பற்றரி இறங்கி, கரண்ட் அரைகுறையாக வரும்போது கருவி செத்தும் சாகாத நிலையில் தொங்கி நின்றது. ஆகவே கரண்டைச் சீராக்கும் கருவியும், பற்றரி ஓர் அளவுக்குக் கீழே போனால் தானாகவே துண்டிக்கும் கருவியும் பூட்டினார்கள். அங்கிருந்த ஊழியர்களுக்கே எந்த வயரைக் கழற்ற வேண்டும், எந்த லைட்டைப் பார்க்க வேண்டும் என்று பழக்கினார்கள். வெளியிலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்ற நிலை வந்த பிறகுதான் அது நிலைத்தது.

கரண்டும் மின்னலும்

2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி எங்கள் மலைநாட்டில் செய்த நாசத்தை யாரும் மறக்க முடியாது. மண் சரிந்தது, ரோட்டு உடைந்தது, கரண்ட் போனது. பல இடங்களில் போனும் வேலை செய்யவில்லை. அக்கரையில் உள்ள சொந்தம் உயிரோடு இருக்கிறதா என்று அறியாமல் மக்கள் தவித்தார்கள். இன்டர்நெட் கருவி வாங்கும்போது அந்த நாட்களையும் மனதில் வைக்க வேண்டும். டவருக்கும் பற்றரி உண்டு. அது தீரும் வரை டவர் ஓடும். ஆனால் உங்கள் ரவுட்டருக்குக் கரண்ட் இல்லாவிட்டால் டவர் ஓடியும் பயன் இல்லை.

ரவுட்டரோ சோடிக் கருவியோ பொதுவாக 10 வாட்ஸ் அளவில்தான் இழுக்கும். 12 வோல்ட், 7 அம்பியர் மணி உள்ள சிறிய பற்றரி ஒன்றில் 84 வாட்ஸ் மணி இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கைப் பாவித்தாலே ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். ரவுட்டருக்கென்றே சிறிய யூ.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. ஸ்டார்லிங்க் தட்டு இதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அதே பற்றரியில் ஒரு மணித்தியாலம் போவதே பெரிய காரியம். அதற்குப் பெரிய பற்றரி தேவை என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பற்றரி இருக்கும் வீட்டில் ஒரு போனையாவது நிரப்பி வைத்து, மழை கடுமையான நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்து அயலவருக்கும் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

மின்னலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கூடுதல். கூரைக்கு மேலே நிற்கும் இரும்புக் கம்பம் மின்னலைக் கூப்பிடும். கம்பத்துக்கு எர்த் கம்பி தனியாக மண்ணில் இறக்க வேண்டும். வயர் உள்ளே வரும் இடத்தில் மின்னல் தடுப்புக் கருவி பூட்ட வேண்டும். இடி கேட்டவுடன் கரண்ட் பிளக்கையும், வெளியே போகும் வயரையும் கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேலே வந்த பிறகு வயரைத் தொட வேண்டாம். உக்கிப்போன கூரைச் சட்டத்தில் கம்பத்தை அடிக்க வேண்டாம். கரண்ட் கம்பிக்குப் பக்கத்தில் கம்பம் நாட்டவே கூடாது. கூரையில் ஏறுவது பிள்ளைகளின் வேலை அல்ல.

இன்னொன்று. வயரில் கரண்ட் போகும் கருவிகளில் சிலது 24 வோல்ட், சிலது 48 வோல்ட். பெட்டி ஒன்றுபோலவே இருக்கும். ஒன்றின் பெட்டியை இன்னொன்றுக்கு மாட்டினால் கருவி கருகிப்போகும். கருவியோடு வந்த பெட்டியில் பெயின்ட்டால் அடையாளம் போட்டு வையுங்கள்.

காசுக் கணக்கு

ஸ்டார்லிங்க் இங்கே ஆரம்பித்தபோது கருவியின் விலை ஒரு லட்சம் ரூபாவுக்கு மேல். மாதக் கட்டணமும் பத்தாயிரத்துக்கு மேல். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் என்பது எழுபத்து நான்கு நாள் பேர். தனிக் குடும்பத்துக்கு இது ஏற்றது அல்ல. கம்பியும் டவரும் எட்டாத டிவிசனில், பாடசாலைக்கோ சன சமூக நிலையத்துக்கோ வேண்டுமானால் யோசிக்கலாம்.

மாதம் எத்தனை ஜிபி தேவை என்பதையும் நாமே கணக்குப் பார்க்கலாம். செக்கனுக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் ஒரு மணித்தியாலம் வீடியோ பாடம் பார்த்தால் 450 மெகாபைட் அளவு போகும். ஒரு பிள்ளை நாளுக்கு இரண்டு மணித்தியாலம், மாதம் இருபது நாள் படித்தால் 18 ஜிபி. இரண்டு பிள்ளைகள் என்றால் 36 ஜிபி. இதற்கு மேல் படமும் பாட்டும் எவ்வளவு என்பது உங்கள் வீட்டுக் கணக்கு. சில பெக்கேஜ்களில் சொல்லும் ஜிபியில் ஒரு பங்கை நடுச்சாமத்துக்குப் பிறகு மட்டுமே பாவிக்கலாம். எங்கள் பிள்ளைகள் நடுச்சாமத்தில் படிப்பதில்லை. பகலுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

பழைய அனுபவம் ஒன்றையும் மறக்கக் கூடாது. 1996 இல் சன்டெல், லங்கா பெல் ஆகிய இரு கம்பனிகளுக்கும் கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசி கொடுப்பதற்கு அனுமதி கிடைத்தது. பிறகு சி.டி.எம்.ஏ. போன்கள் லயங்களுக்கும் வந்தன. கம்பி இழுக்க வருடக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு அது பெரிய உதவிதான். இன்று அந்தப் போன்கள் தூசி படிந்து கிடக்கின்றன. வேறு எந்தக் கம்பனியின் சிம்மையும் போட முடியாத கருவி, அந்தச் சேவை போனால் அதோடு போய்விடும். ஆகவே ரவுட்டர் வாங்கும்போது, வேறு சிம் போட்டால் வேலை செய்யுமா என்று கேளுங்கள். வேறு தோட்டத்துக்கு மாறிப்போனால் அங்கேயும் ஓடுமா என்றும் கேளுங்கள். சில வீட்டு இணைப்புகள் விண்ணப்பத்தில் எழுதிய இடத்தில் மட்டுமே ஓடும்.

சேர்ந்து எடுக்கலாமா?

பல லயங்களில் இளைஞர்கள் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. நாலு குடும்பம் சீட்டுப் போட்டு ஒரு ரவுட்டர் வாங்கினால் என்ன? மேட்டில் இருந்து சோடிக் கருவியால் கீழே இறக்கி, வீட்டுக்கு வீடு கொடுத்து மாதக் காசு வாங்கினால் என்ன?

பொது நிலையத்தில் ஓர் இணைப்பு எடுத்து, பிள்ளைகள் அங்கே வந்து படிப்பது நல்ல வழி. அதை நாங்கள் வரவேற்கிறோம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு வீடுகளுக்கு இன்டர்நெட் விற்பது வேறு விடயம். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டப்படி பொதுமக்களுக்குச் சேவை வழங்குவதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். நல்ல மனதோடு தொடங்கிய பிள்ளை பொலிசுக்கும் கோர்ட்டுக்கும் அலையக் கூடாது. கம்பனியுடன் செய்த ஒப்பந்தத்தையும் வாசித்துப் பாருங்கள். சேர்ந்து கேட்பதில் ஒரு பலம் இருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் சிக்னல் இல்லை என்று சொன்னால் அது ஒரு முறைப்பாடு. முப்பது வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு, எந்த லயத்தில் எந்த இலக்கம் காட்டுகிறது என்று எழுதிக் கொடுத்தால், கம்பனி தள்ளிவைக்க யோசிக்கும். கம்பனி பதில் தராவிட்டால், இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கடைக்குப் போகுமுன்

கீழே உள்ளதை வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் காம்பராவிலேயே, இரவு ஏழு மணிக்குப் பிறகு, ஒவ்வொரு கம்பனியின் சிம்மையும் போட்டுச் சிக்னல் இலக்கத்தை எழுதுங்கள். அயல்வீட்டில் சிம் இரவல் வாங்கினால் போதும், காசு செலவில்லை.

2. காம்பராவுக்குள், ஜன்னல் பக்கத்தில், இஸ்தோப்பில், கூரை உயரத்தில் என்று நான்கு இடத்திலும் எழுதுங்கள். வெளியே மட்டும் நல்ல இலக்கம் வந்தால் வெளியே பூட்டும் கருவிதான் தேவை.

3. விற்பவரிடம், "எங்கள் லயத்துக்கு வந்து போட்டுக் காட்டுங்கள், ஓடினால் வாங்குகிறோம்" என்று சொல்லுங்கள். வர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

4. ஓடாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம், பழுதானால் எந்த டவுனில் திருத்துவார்கள் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கருவி ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்றும் கேளுங்கள்.

5. கருவி விலை, கம்பம், வயர், எர்த், பற்றரி, மாதக் கட்டணம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்த்த பிறகே தவணைக்குக் கையெழுத்துப் போடுங்கள்.

6. தமிழில் எழுதாத பத்திரத்தில் வாசித்து விளங்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். பாடசாலை ஆசிரியரிடமோ, டிவிசன் நலன்புரி உத்தியோகத்தரிடமோ கொண்டுவந்து காட்டுங்கள். பத்து நிமிட வேலைதான்.

உங்கள் டிவிசனில் எடுத்த இலக்கங்களை லயத்தின் பெயரோடு எழுதி எங்களிடம் கொடுத்தால், எந்த லயத்தில் எந்தச் சிம் பிடிக்கிறது என்று ஓர் அட்டவணை தயாரித்துப் பிரட்டுக் களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்டுவோம். அடுத்த சம்பள நாளில் மேசை போட்டு விற்க வருகிறவர், முதலில் அந்த அட்டவணையைப் பார்க்கட்டும்.